மாமியாரும் ஒரு ஷில்லிங்கும்: வேல்ஸ்ல அஞ்சு நாள்

நாள் 1, ட்ரியார்க்கி

எங்க மாமியாருக்கு ஒரு ஆள் மேல தீராத பகை. அந்த ஆள் செத்து கிட்டத்தட்ட நூத்தெழுபது வருஷம் ஆச்சு, மாமியார் அவரைப் பார்த்ததில்ல, மாமியாரோட தாத்தாவே பார்த்ததில்ல, ஆனாலும் கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தா ரெண்டாவது கிளாஸ் ஷெர்ரிக்கு அப்புறம் அந்தப் பேச்சு வராம இருக்காது. விஷயம் இதுதான். மாமியாரோட எள்ளுத்தாத்தா மூத்த பிள்ளை, அவரோட அப்பா சாகும்போது உயில்ல எல்லாத்தையும் மத்த பிள்ளைங்களுக்கு எழுதி வெச்சுட்டு மூத்தவருக்கு ஒரே ஒரு ஷில்லிங் எழுதினாராம், அதுல மனசு ஒடிஞ்சு அவர் மேற்கு வேல்ஸ்ல இருக்கற கார்டிகன்ஷயரை விட்டே கிளம்பி தெற்கு வேல்ஸ் ரோந்தா பள்ளத்தாக்குக்கு வந்து நிலக்கரி சுரங்கத்துல இறங்கிட்டாராம். ஒரு ஷில்லிங்னா அந்தக் காலத்துல பன்னெண்டு பென்னி, இருபது ஷில்லிங் சேர்ந்தாதான் ஒரு பவுண்டு.

இந்த வருஷம் அவங்களுக்கு எழுபத்திமூணு முடிஞ்சது, "சாகுறதுக்குள்ள அந்த உயிலை ஒரு தடவை கண்ணால பார்க்கணும்"னு ஆரம்பிச்சுட்டாங்க. இவர் நைசா நழுவிட்டார், பிள்ளையை நான் பார்த்துக்கறேன்னு. சரி, ஆஸ்பத்திரியில ஒரு வாரம் லீவு போட்டுட்டு நானே கூட்டிட்டுப் போறேன்னு கார்டிஃப்ல இருந்து அவங்க ஊர் ட்ரியார்க்கிக்கு வந்துட்டேன். நாகர்கோவில்காரி வேல்ஸ்காரங்களுக்குப் பூர்வீகம் தேடப் போறேன், எங்கம்மாகிட்ட போன்ல சொன்னா "முதல்ல நம்ம தாத்தாவோட பட்டாவைத் தேடு"ங்கறாங்க.

முன்னாடியே சொல்லிடறேன், இதுல வர்ற குடும்பப் பேர் எல்லாம் நான் மாத்தி வெச்சது. "என் குடும்பக் கதையை ஊர் பூரா போடுவியா"ன்னு மாம் கண்டிஷன் போட்டுட்டாங்க. (வேல்ஸ்ல அம்மாவை "மாம்"னுதான் கூப்பிடுவாங்க, அதனால எனக்கும் அவங்க மாம்தான், பாதி தமிழ் மாதிரியே இருக்கு.) எள்ளுத்தாத்தாவுக்கு ஜான் எவன்ஸ்னு வெச்சுக்கலாம். அது ஒண்ணும் அடையாளமே கிடையாது, நம்ம ஊர்ல முருகன்னு சொல்ற மாதிரிதான், அதுதான் இந்த முழு வாரத்தோட தலைவலியும்.

இன்னிக்கு வேலை பிஸ்கட் டின்னைக் கொட்டினதுதான். பழைய போட்டோ, ரேஷன் புக்கு, யாரோட பல் செட்டோ தெரியல, கூடவே பரண்ல இருந்து இறக்கின குடும்ப பைபிள். அம்மிக்கல் கனம். வெல்ஷ் மொழியில பீட்டர் வில்லியம்ஸ்னு ஒருத்தர் விளக்கவுரையோட 1770ல கார்மார்தன்ல போட்ட பைபிளோட பிந்தின பதிப்பு, ஒரு காலத்துல வேல்ஸ்ல வீட்டுக்கு வீடு இருந்ததாம். நடுவுல இருக்கற வெத்துப் பக்கத்துல பிள்ளைங்க பிறந்தது செத்தது எல்லாம் பழுப்பு மையில இருக்கு. எங்க ஊர்லயும் பாட்டி இப்படித்தான் சத்திய வேதத்துக்குள்ள எழுதி வெச்சிருந்தாங்க, அதைப் பார்த்ததும் எனக்கு இந்த வேலை மேல ஒரு ஒட்டுதல் வந்துடுச்சு. முதல் வரி, "ஜான், பிறப்பு 1828, டீ நெவித்." அதுக்குக் கீழ அவரோட பிள்ளைங்க ஆறு. மூணாவது பிள்ளை பேருக்கு நேரா ஒரு சின்ன சிலுவை, 1858. அவ்வளவுதான். ஜானோட அப்பா பேர் எங்கயும் இல்ல. இத்தனை வருஷமா திட்டுற ஆளோட பேரே தெரியாது இவங்களுக்கு!

டீ நெவித்னா புது வீடு. பண்ணை வீட்டோட பேர். கேட்டதும் எனக்கு சிரிப்பு, எங்க தெருவுலயும் ஒரு புதுவீட்டுக்காரங்க இருக்காங்க, அந்த வீட்டுக்கு நூறு வயசாச்சு.

நாள் 2, ரோட்டுல

ட்ரியார்க்கியில இருந்து ரிகோஸ் மலை ஏறி இறங்கி, ப்ரெகன், பில்த், ரயாடர் வழியா அபரிஸ்ட்வித். ரயில்ல போகலாம்னு பார்த்தா கார்டிஃப்ல இருந்து இங்கிலாந்துக்குள்ள ஷ்ரூஸ்பரி போய் மறுபடி வேல்ஸுக்குள்ள வரணும், கார்மார்தன்ல இருந்து மேல போற பழைய லைனை 1965ல மூடிட்டாங்க. மாம் இதையும் ஒரு குடும்பப் பகை மாதிரிதான் சொல்வாங்க.

வழியெல்லாம் ஆடு, மழை, ஆடு. ரயாடர்ல டீ குடிச்சோம். பாரா ப்ரித்னு உலர்ந்த திராட்சை போட்ட ரொட்டி, வெண்ணெய் தடவி சாப்பிடணும், நான் கட்டிட்டு வந்த தக்காளி சாதத்தை மாம் "இதுல இன்னும் கொஞ்சம் காரம் இருக்கலாம்"னு சொல்லி என்னை அசர வெச்சாங்க. சாயங்காலம் கடற்கரை ரோட்டுல ரூம். இந்த ஊர் வழக்கம், கடற்கரை நடைபாதையோட கடைசி வரைக்கும் நடந்து போய் அங்க இருக்கற கம்பியைக் காலால ஒரு உதை உதைக்கணும். ஏன்னு கேட்டா யாருக்கும் ஒழுங்கா பதில் தெரியல. மாம் உதைச்ச உதையில அந்த ஒரு ஷில்லிங் கிழவர் மேல இருந்த கோவம் தெரிஞ்சுது.

நாள் 3, நேஷனல் லைப்ரரி

காலையில மேடு ஏறி வேல்ஸ் நேஷனல் லைப்ரரி. 1907ல அரசாணையில ஆரம்பிச்சது, ஊருக்கு மேல குன்றுல வெள்ளைக் கட்டடம், வாசல்ல நின்னா கீழ மொத்த ஊரும் அதுக்கு அப்பால கடலும். அட்ரஸ் ப்ரூஃப் காட்டி ரீடர் கார்டு வாங்கணும், பையை லாக்கர்ல வைக்கணும், பேனா கிடையாது பென்சில்தான். மாம் தன்னோட கைப்பையைப் பிரிய கால் மணி நேரம் ஆச்சு.

இங்க எதெது எங்கிருந்து வருதுன்னு கொஞ்சம் சொல்லணும், இல்லேன்னா நாங்க பட்ட பாடு புரியாது. பிறப்பு இறப்பை கவர்மென்ட்ல பதியற பழக்கமே 1837 ஜூலையிலதான் வந்தது. ஜான் 1828. அதனால சர்ட்டிஃபிகேட் கிடையாது, சர்ச் ரிஜிஸ்டர்தான் கதி. 1538ல தாமஸ் க்ராம்வெல் போட்ட உத்தரவுப்படி ஒவ்வொரு திருச்சபையும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாத்தையும் எழுதணும், ஆனா வேல்ஸ்ல அவ்வளவு பழசு எல்லாம் தப்பிப் பிழைச்சது ரொம்பக் கம்மி, எலி தின்னது, ஈரத்துல போனது, அய்யர் வீட்டு அடுப்புக்குப் போனதுன்னு. (சி.எஸ்.ஐ.காரங்களுக்குப் புரியும், எங்க ஊர்ல போதகரை அய்யர்னுதான் சொல்லுவோம்.) 1733க்கு முன்னாடி எழுதினதுல நிறைய லத்தீன். 1813ல இருந்துதான் அச்சடிச்ச கட்டம் போட்ட புக்கு, ஞானஸ்நானத்துக்கு பிள்ளை பேர், அப்பா அம்மா பேர், எந்த வீடு, அப்பாவுக்கு என்ன தொழில், எல்லாத்துக்கும் தனித்தனி கட்டம். 1828க்கு அது பெரிய வரம்.

ஜான் 1871 சென்சஸ்ல பிறந்த ஊர்னு சொன்னது லாந்தெவி ப்ரெவி. (அந்த முதல் எழுத்து ல இல்ல, நாக்கை மேல ஒட்டி ரெண்டு பக்கமும் காத்து விடணும், அவங்களுக்கு அது, நமக்கு ழ, நானும் மாமும் மாத்தி மாத்தி சொல்லிக் குடுத்து ரெண்டு பேருக்கும் வரல.) அந்த ஊர் சர்ச் ரிஜிஸ்டர் மைக்ரோஃபிலிம்ல இருக்கு. சுத்திச் சுத்தி 1828க்கு வந்தா, இருக்கான்! ஜான், அப்பா பேர் எவன்ஸ், கூலிக்காரர். மாம் கையைத் தட்டிட்டாங்க, பக்கத்து டேபிள்ல எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் என்ன, அந்த அப்பாவோட கல்யாணம், அவரோட ஞானஸ்நானம், அவங்க அப்பான்னு மேல மேல ஏறி மத்தியானத்துக்குள்ள மூணு தலைமுறை பென்சில்ல போட்டாச்சு. மாம் அந்தக் கூலிக்காரரைத் திட்டவும் ஆரம்பிச்சுட்டாங்க, முகம் தெரிஞ்ச ஆள் மாதிரி.

எனக்குத்தான் உறுத்துச்சு. கூலிக்காரர் எதுக்கு உயில் எழுதப் போறார், எழுத என்ன இருக்கு? அதோட வீட்டுப் பேர் கட்டத்துல டீ நெவித் இல்ல, வேற ஏதோ. பக்கத்து டேபிள்ல ஒரு அம்மா, இருபது வருஷமா இதே வேலையா வர்றவங்களாம், எட்டிப் பார்த்துட்டு சொன்னாங்க, "ஒருத்தனைக் கண்டுபிடிச்சா முதல்ல அவன் சின்ன வயசுல சாகலைன்னு பாரு"ன்னு. அடக்க ரிஜிஸ்டரை எடுத்துப் போட்டேன். 1833, அதே வீடு, ஜான், வயசு அஞ்சு.

மாம் ஒண்ணும் பேசல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. நாள் பூரா நாங்க தூக்கிக் கொஞ்சின ஜான் அஞ்சு வயசுல போன ஒரு குழந்தை.

ராத்திரி கடற்கரையில நடந்தோம். அக்டோபர் கடைசி, இருட்டுற நேரத்துல மைனா மாதிரி ஒரு பறவை ஆயிரக்கணக்குல புகை போல சுருண்டு சுருண்டு வந்து அந்தப் பழைய கடல் பாலத்துக்கு அடியில அடையுது, அதைப் பார்க்கவே ஒரு கூட்டம். மாமை கொஞ்சம் சிரிக்க வைக்கலாம்னு என் பாஸ்போர்ட் கதையை எடுத்து விட்டேன். எங்க அப்பா இனிஷியல் ஜி, தாத்தா பேர் ஞானமுத்து. என் இனிஷியல் ஒய், அப்பா பேர் யோவான். இந்த நாட்டுக்கு வந்ததும் சர்நேம் எதுன்னு கேட்டு கேட்டு கடைசியில அப்பா பேரே என் குடும்பப் பேர் ஆயிடுச்சு, அதனால கம்ப்யூட்டர் கணக்குப்படி எனக்கும் எங்க அப்பாவுக்கும் சம்பந்தமே இல்ல, அவர் ஞானமுத்து நான் யோவான், நாளைக்கு எவனாவது என் பூர்வீகத்தைத் தேடினா...

சொல்லிட்டு இருக்கும்போதே வாய் நின்னு போச்சு. ஜான் எவன்ஸ். எவனோட மகன் ஜான்!

எவன்ங்கறது இங்க குடும்பப் பேர் இல்ல, ஆள் பேர். (தமிழ்ல படிச்சா "எவன்?"னு அதட்டுற மாதிரி இருக்கு, இருக்கட்டும்.) அந்தக் கால வேல்ஸ்ல நம்மள மாதிரியேதான், அப்பா பேர்தான் பிள்ளைக்குப் பின்னாடி. மகன்னா "அப்", மகள்னா "வெர்க்". அப் ஹவெல் ஒட்டிப் போய் பவல், அப் ரீஸ் ப்ரைஸ் ஆச்சு, அப் ஹாரி பாரி, அப் ரிச்சர்ட் ப்ரிட்சர்ட், அப் எவன் பெவன். கோர்ட்டும் சட்டமும் இங்கிலீஷ் ஆனதும் பெரிய வீட்டுக்காரங்க முதல்ல நிலையான குடும்பப் பேர் வெச்சுக்கிட்டாங்க, மலைக்காட்டு ஏழை ஜனங்க 1800க்கு அப்புறமும் அப்பா பேரையே போட்டுட்டு இருந்தாங்க. அப்ப ஜானோட அப்பா எவன்ஸே இல்ல. எவன் ஏதோ ஒண்ணு.

மாம் நடு ரோட்டுல நின்னுட்டாங்க. "அறுபது வருஷமா நாங்க எவன்ஸைத் தேடிட்டு இருக்கோம், கரியாத்"ன்னாங்க. கரியாத்னா கண்ணே மாதிரி.

நாள் 4, மறுபடியும் லைப்ரரி

கதவு திறக்கறதுக்கு முன்னாடியே நின்னோம்.

இன்னொரு தப்பையும் நேத்து ராத்திரி யோசிச்சு வெச்சிருந்தேன். லாந்தெவி ப்ரெவிக்கு நாலஞ்சு மைல்லதான் லாங்கெய்த்தோ, 1700கள்ல டேனியல் ரோலண்ட் பிரசங்கம் பண்ணி மெதடிஸ்ட் எழுப்புதல் பத்திக்கிட்ட இடம், அந்தச் சுத்துவட்டாரம் முழுக்க சேப்பல்காரங்க, அதாவது ஆங்கிலிக்கன் சர்ச்சை விட்டுத் தனியா சேப்பல்ல கூடறவங்க. இவங்க பிள்ளைக்கு ஞானஸ்நானம் எதுக்கு ஆங்கிலிக்கன் சர்ச்ல குடுக்கப் போறாங்க? 1837ல கவர்மென்ட் கேட்டு வாங்கின சேப்பல் ரிஜிஸ்டர் எல்லாம் லண்டன்ல கியூ ஆவணக் காப்பகத்துல இருக்கு, அதோட ஃபிலிம் இங்கயே கிடைச்சுது. உருட்டினேன், 1828, எவன்ஸ் யாரும் இல்ல, அதை விட்டுட்டு வீட்டுப் பேரை மட்டும் பார்த்துட்டே வந்தேன். ஒரு சாய்வான கையெழுத்து. ஜான், எவன் டேவிட்டின் மகன், டீ நெவித்.

கிழவருக்குப் பேர் கிடைச்சாச்சு. எவன் டேவிட்.

உயில் அதுக்கப்புறம் பத்து நிமிஷம். 1858 ஜனவரி வரைக்கும் உயிலை நிரூபிக்கறது கவர்மென்ட் வேலை இல்ல, சர்ச் கோர்ட் வேலை, வேல்ஸ்ல பிஷப் பிஷப்பா கோர்ட்டு, லாண்டாஃப், பாங்கர், செயின்ட் அசாஃப், செயின்ட் டேவிட்ஸ்னு. அந்தக் கோர்ட்டுல எல்லாம் நிரூபிச்ச உயில் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு மேல இந்த லைப்ரரியில இருக்கு, எல்லாத்தையும் படம் எடுத்து ஃப்ரீயா ஆன்லைன்ல போட்டிருக்காங்க. ஆமா, ஃப்ரீயா. ஆமா, ட்ரியார்க்கியில சோபாவுல உட்கார்ந்தே பார்த்திருக்கலாம். பேர் தெரிஞ்சிருந்தா. டேவிட்னு அடிச்சு ஊர் பேர் போட்டா 1856ல நம்ம ஆளு.

ஒரே தாள். ஸ்க்ரீன்ல பெருசாக்கினேன், மாம் நாற்காலியை இழுத்துப் போட்டு மூக்கு ஸ்க்ரீன்ல முட்டற அளவுக்கு. இங்கிலீஷ்ல இருக்கு. அந்த மனுஷனுக்கு இங்கிலீஷ் எவ்வளவு தெரிஞ்சிருக்கும்னு தெரியல, உயில் எல்லாம் இங்கிலீஷ்லதான் எழுதணும்ங்கற வழக்கம், வெல்ஷ்ல எழுதின உயில் ரொம்பக் கம்மியாம். அவர் வெல்ஷ்ல சொல்லச் சொல்ல எழுதத் தெரிஞ்ச ஒருத்தர் இங்கிலீஷ்ல எழுதியிருக்கணும். "தேவனுடைய நாமத்தினாலே ஆமென்"னு ஆரம்பிக்குது, உடம்பு பலவீனம் புத்தி தெளிவுன்னு வழக்கமான வரி, அப்புறம் நேரா விஷயம். மனைவிக்கு நாங்க படுக்கற கட்டிலும் படுக்கையும், அவள் விரும்பித் தேர்ந்தெடுக்கிற ஒரு பசு. மகளுக்கு இறகு மெத்தை ஒண்ணு, ஓக் பெட்டி ஒண்ணு, அஞ்சு பவுண்டு. ரெண்டாவது மகனுக்கு பண்ணையில இருக்கற மிச்ச ஆடுமாடு, ஏர், கலப்பை, நிக்கற விளைச்சல். நடுவுல ஒரு வரி, என் மூத்த மகன் ஜானுக்கு ஒரு ஷில்லிங்.

கீழ கையெழுத்து இல்ல. "எவன் டேவிட்டின் குறி"ன்னு யாரோ எழுதி, நடுவுல ஒரு பெருக்கல் குறி. அதோட ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை, குட்டைக் காலோட நுனியில மை தேங்கி ஒரு சொட்டு. அந்தச் சொட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தேன், பேனா பிடிச்சுப் பழக்கமில்லாத கை அந்த இடத்துல கொஞ்ச நேரம் நின்னிருக்கு.

"பார்த்தியா? பார்த்தியா?"ன்னு மாம். ஜெயிச்ச குரல்.

நேத்து வந்த அந்த அம்மா இன்னிக்கும் வந்திருந்தாங்க, மாம் அவங்ககிட்ட ஓடிப் போய் காட்டுறாங்க, பார் என்ன அநியாயம்னு. அவங்க படிச்சுட்டு ரொம்ப சாதாரணமா, "மூத்தவனுக்கு முன்னாடியே குடுத்திருப்பாங்கம்மா"ன்னுட்டாங்க. உயில்ல ஷில்லிங் எழுதறதுன்னா எப்பவும் விரட்டி விட்டதுன்னு அர்த்தம் இல்லையாம், கல்யாணத்தப்பவே பங்கைப் பிரிச்சுக் குடுத்திருப்பாங்க, உயில்ல பேரே இல்லேன்னா நாளைக்கு அப்பன் மறந்துட்டான்னு ஒரு வழக்கு வரும், அதுக்காக ஒரு ஷில்லிங் போட்டு இவனையும் நினைச்சேன்னு காட்டுறதாம். நம்ம ஊர்ல மகளுக்கு சீர் செஞ்சு அனுப்பிட்டு அப்புறம் பாகப்பிரிவினையில பேருக்கு ஒரு தொகை எழுதற மாதிரின்னு நான் புரிஞ்சுக்கிட்டேன்.

மாம் ஒத்துக்கல. சரி பார்த்துடுவோம்னு 1851 சென்சஸை எடுத்தேன். உயிலுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி. ஜான் எவன்ஸ், வயசு 23, டீ நெவித்லயே இல்ல, ரெண்டு மைல் தள்ளி வேற ஒரு பண்ணையில பெண்டாட்டியோட, "22 ஏக்கர் விவசாயி"ன்னு போட்டிருக்கு. அந்த வயசுல கையில ஒண்ணும் இல்லாம பசுவும் ஏரும் எங்கிருந்து வந்திருக்கும்? "உழைச்சு வாங்கியிருப்பார்"ங்கறாங்க மாம்.

அடுத்தது டைத் மேப். சர்ச்சுக்குக் கட்ட வேண்டிய தசமபாகத்தைப் பணமா மாத்த 1836ல சட்டம் வந்ததும் ஊர் ஊரா வயல் வயலா அளந்து மேப் போட்டாங்க, யார் சொந்தக்காரர், யார் உழறது, வயலுக்கு என்ன பேர் எல்லாம் உண்டு. எனக்கு இந்த வாரத்துலயே ரொம்பப் பிடிச்சது இதுதான். டீ நெவித்தோட வயல் ஒவ்வொண்ணுக்கும் பேர் இருக்கு, காய் பாஹ், அதாவது சின்ன வயல், காய்ர் ஃபனன்னா கிணத்து வயல், எங்க தாத்தா வீட்ல கிணத்தடி வயல், மேட்டு வயல்னு சொல்லுவோமே அதேதான். உழறவர் கட்டத்துல எவன் டேவிட். சொந்தக்காரர் கட்டத்துல அந்தப் பக்கத்துப் பெரிய எஸ்டேட்காரர். கார்டிகன்ஷயர்ல பெரும்பாலான விவசாயிங்க இப்படி குத்தகைக்காரங்கதான், ட்ராஸ்கோட், நாந்தியோஸ், கோகெர்தன்னு நாலஞ்சு பெரிய வீட்டுக்காரங்க கையில நிலம்.

அப்ப கிழவர் மூத்தவருக்கு நிலம் எழுதலைன்னு ஒரு பேச்சு இருந்துச்சே, அது அவர் நிலமே இல்ல. எழுத அவர்கிட்ட இருந்தது கட்டில், பசு, மெத்தை, ஏர்.

மாம் ரொம்ப நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம், "மெத்தையாவது குடுத்திருக்கலாம்"னாங்க.

நாள் 5, லாந்தெவி ப்ரெவி

மழை. கார்ஸ் கேரன் சதுப்பு நிலத்தை ஒட்டி ட்ரெகாரன் போனோம், ஒரு காலத்துல மாட்டு மந்தையை லாடம் கட்டி லண்டன் வரைக்கும் நடத்தியே கூட்டிட்டுப் போற ஆளுங்க கூடற ஊர். கார்டிகன்ஷயர்க்காரங்க கஞ்சம்னு வேல்ஸ் பூரா ஜோக்கு உண்டு, மாம் பார்க்கிங் மெஷின்ல காசு போட வேண்டாம்னு ரெண்டு தெரு தள்ளி நிறுத்தச் சொன்னப்ப பூர்வீகத்துக்கு இதைவிட ஆதாரம் வேணுமான்னு நினைச்சேன்.

லாந்தெவி ப்ரெவி சர்ச் ஒரு மேட்டு மேல நிக்குது. செயின்ட் டேவிட் பிரசங்கம் பண்ணும்போது கூட்டத்துக்குத் தெரியலைன்னு தரையே அவர் காலடியில எழும்பிச்சாம், அதுதான் அந்த மேடுன்னு ஐதீகம். ஊருக்கு இன்னொரு புகழும் உண்டு, 1977ல போலீஸ் எல்.எஸ்.டி. போதை மருந்துக்காகப் பெரிய ரெய்டு நடத்தினப்ப இந்தச் சின்ன ஊரும் மாட்டுச்சு, மாம் அதை சர்ச்சுக்குள்ளயே குசுகுசுன்னு சொல்றாங்க. சர்ச் சுவத்துல ஒரு பழைய கல்வெட்டை ரெண்டா உடைச்சு கொத்தனார் வெச்சுக் கட்டியிருக்கார், இட்னெர்ட்னு ஒருத்தரோட நினைவுக்கல், உடையறதுக்கு முன்னாடி எட்வர்ட் லூயிட்ங்கற அறிஞர் எழுதி வெச்சுட்டுப் போனதாலதான் முழு வாசகமும் தெரியுது. நம்ம ஊர் கோயில் படிக்கட்டுல கல்வெட்டு கிடக்கற கதைதான்.

சேப்பல்காரங்களா இருந்தாலும் பல பேரை அடக்கம் பண்ணினது சர்ச் கல்லறைத் தோட்டத்துலதான், நிறைய சேப்பலுக்குத் தனி இடம் இல்ல. ரெண்டு மணி நேரம் தேடினோம். ஸ்லேட் கல் நல்லா நிக்கும், எழுத்து நேத்து வெட்டின மாதிரி, மத்த கல்லுல எல்லாம் பாசி படர்ந்து ஒண்ணும் தெரியல. கம்பி பிரஷ் போட்டு உரசக் கூடாது, கல்லு செத்துடும், போன் டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சா நிழல்ல எழுத்து எழும்பும். எல்லாம் வெல்ஷ். எனக்கு இந்நேரம் நாலு வார்த்தை மனப்பாடம், "எர் கோவ் அம்"னா இன்னாரின் நினைவாக, "ஓய்த்"னா வயது, "ஹெவிட்"னா மேலும் இன்னாரும்.

சுவர் ஓரத்துல ஒரு சாய்ஞ்ச ஸ்லேட். மாம்தான் முதல்ல பார்த்தாங்க, கூப்பிடல, அப்படியே நின்னுட்டாங்க. எர் கோவ் அம், எவன் டேவிட், டீ நெவித், 1856, 71 ஓய்த். இத்தனை நாள் திட்டின ஆள். கீழ பாதி புல்லுக்குள்ள இருந்துச்சு, நான் குனிஞ்சு கையால ஒதுக்கினேன். ஹெவிட், ஈ ஊயிர். அந்த வார்த்தை எனக்குத் தெரியல, உயிர்னு காதுல விழுது, மாமைக் கேட்டேன்.

"பேரன்"னாங்க. "அவரோட பேரனும்."

பேரன் பேரைப் படிச்சாங்க, கூடவே இன்னார் மகன்னு ஜான் பேர், 1858, மூணு வயசு. பைபிள்ல சிலுவை போட்டிருந்த மூணாவது பிள்ளை. அவனை எங்க புதைச்சாங்கன்னு குடும்பத்துல யாருக்கும் தெரியாது. அப்பா போய் ரெண்டு வருஷம் கழிச்சு, ஒரு ஷில்லிங் உயில் வாசிச்சுக் கேட்டதுக்கு அப்புறம், ஜான் தன் பிள்ளையைக் கொண்டு வந்து அப்பா பக்கத்துல வெச்சிருக்கார். ரோந்தாவுக்குப் போனதெல்லாம் அதுக்கு அப்புறம், 1871 சென்சஸ்லதான் ட்ரெஹெர்பர்ட்ல தென்படறார், அந்த வருஷங்கள்ல இந்தப் பக்கத்துல இருந்து பாதி ஊரே நிலக்கரிக்குப் போச்சு.

மாம் குடையை என் கையில குடுத்துட்டு ஈரத்துல மண்டி போட்டு அந்தக் குழந்தை பேரை விரலால ஒவ்வொரு எழுத்தா தடவினாங்க. முட்டி வலிக்குதுன்னு வீட்ல மாடிப்படி ஏற மாட்டாங்க. எழுந்திரிக்க நான்தான் தூக்கி விட வேண்டியிருந்துச்சு.

அங்க சிக்னல் இல்ல. ட்ரெகாரன் வந்து ஒரு கடையில கவ்ல் வாங்கினோம், ஆட்டுக்கறியும் கிழங்கும் லீக்கும் போட்ட சூப்பு, மாம் ஸ்பூனைத் தொடறதுக்கு முன்னாடியே தங்கச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சாங்க. சென்சஸ், குத்தகை, கல்லறை, பேரன், எல்லாத்தையும் மூச்சு விடாம சொல்லி, பாவம் அந்த மனுஷன், நாம இத்தனை வருஷம் அநியாயமா பேசிட்டோம்னு முடிச்சாங்க. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"கல்லு வெட்டினவன் தப்பா வெட்டியிருப்பான்"னாங்க தங்கச்சி.